கேமராவை மூடிய பனியன்

அத்தியாயம் 14

போன வாரம் படித்துவிட்டுப் பரணியைத் திட்டாத ஆளே இல்லை. காதலிக்கிற பெண்ணையே படம் பிடித்துச் சபையில் போட்டுவிட்டானே பாவி என்று தாராபுரத்திலிருந்து ஒரு அம்மா கொதித்துப்போய் எழுதியிருக்கிறார். கொஞ்சம் பொறுங்க தாயி. கோபத்தை எல்லாம் ஒரே ஆள் மேல் கொட்டிவிடாதீர்கள். இந்த வாரத்துக்கும் கொஞ்சம் தேவைப்படும்.

புதுசாகப் படிக்க வருகிறவர்களுக்கு ரெண்டு வார்த்தை. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர் மகுடேஸ்வரன். அவர் மகள் அனுப்பிரியா அதே கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிறாள். அங்கே ஆர்டரை நேரத்துக்கு முடித்து அனுப்புகிற மெர்ச்சண்டைசராக இருக்கிற பரணியும் அவளும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். மகுடேஸ்வரன் வீட்டில் தோட்டம் துரவு வைத்திருந்து கம்பெனிக்கு வந்தவர்கள். பரணி வீட்டில் தலைமுறையாகத் தறி. அவன் அப்பா முருகவேல், இப்போது மகுடேஸ்வரன் கம்பெனிக்கே காஜா பட்டன் அடித்துக் கொடுக்கிறார். ரெண்டு வீட்டுக்கும் நடுவில் தொழில் உண்டு, சம்பந்தம் பேசுகிற வழக்கம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை குண்டடத்திலிருந்து அனுவைப் பெண் பார்க்க வந்தார்கள். காப்பி வருகிற வரைக்கும் பொழுது போகட்டும் என்று அனுவின் அண்ணன் நித்தீஷ், சித்தப்பா வீட்டுக் கல்யாணப் படங்களை ஹால் டிவியில் ஓட விட்டான். சீர்த்தட்டு வந்தது, பந்தி வந்தது. அதற்குப் பின்னால் கம்பெனி சாம்பிள் ரூம் கேமராவில் எடுத்த ஒரு வீடியோ வந்தது. அனு மேஜை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் தலையில் ஒட்டிய பஞ்சைப் பரணி எடுத்துவிடுகிறான். அவள் பன்னைப் பிய்த்து அவன் வாயில் வைத்துவிட்டு, அவன் தோளில் சாய்ந்து சிரிக்கிறாள். அவ்வளவுதான். ஆனால் குண்டடத்து அம்மா காப்பி டம்ளரைத் தொடாமலே எழுந்துவிட்டார்.

அது எப்படி டிவிக்கு வந்தது? நித்தீஷ் செய்து வைத்த ஏற்பாடு அப்படி. ஆளுக்கொரு மெயில் எதற்கு, படமெல்லாம் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டில் எல்லார் போனிலும் அப்பா பேரில் ஒரே மெயிலைப் போட்டு வைத்திருந்தான். ஒரு போனில் எடுத்தது தானாக எல்லாவற்றிலும் வந்து விழும். டிவிக்கும் அதுதான். கம்பெனி ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் அதுதான். அந்தக் கம்ப்யூட்டரில் உட்காருகிறவன் பரணி. பெண் பார்க்க வருகிற நாளும் அவனுக்குத் தெரியும். சம்பந்தத்தைக் கெடுக்க அவன்தான் போட்டுவிட்டான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்கள்.

எடுத்தது பரணி இல்லைங்க. கலாமணி. அனுவைப் பெற்றவள்.

*

திருப்பூரில் இன்றைக்குக் கேமரா இல்லாத கம்பெனி ஏது? பீஸ் காணாமல் போகிறது என்று மகுடேஸ்வரனும் மூலைக்கு மூலை மாட்டினார். நீ ஊட்டுல சும்மாத்தானே இருக்கே, ஒரு கண்ணு வெச்சுக்கோ என்று மனைவியின் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தார். அவர் பார்த்ததே இல்லை. பார்க்கிற வேலை கலாமணிக்கு வந்து சேர்ந்தது.

இந்த ஊரில் எத்தனையோ முதலாளி வீட்டு அம்மாக்களுக்கு இது ஒரு வேலை. அடுப்படியில் புளி டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, இங்கே ரசம் கொதிக்கும்போதே அங்கே செக்கிங் டேபிளில் யார் யாரோடு பேசுகிறாள் என்று பார்ப்பார்கள். ஒரு நாள் சீனியம்மாள் என்கிற செக்கிங் பொம்பளை மேஜையில் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தாள். கலாமணி கணவரிடம் சொன்னாள். அன்றைக்கே அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். காய்ச்சலோடு வந்திருந்தாளாம், அப்புறம்தான் தெரிந்தது. கலாமணிக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாளும் பார்த்தாள்.

அப்புறம் ஒரு மத்தியானம் சாம்பிள் ரூமில் மகளையும் பரணியையும் பார்த்தாள்.

அந்த ரூம் கேமரா ரிப்பேர் என்றுதான் அனுவிடம் பரணி சொல்லியிருந்தான். அவனுக்கும் அப்படித்தான் தெரியும். நித்தீஷ் ஒரு லீவு நாளில் ஆளைக் கூட்டி வந்து அதைச் சரிபண்ணியது அவர்களுக்குத் தெரியாது.

நியாயமாகக் கலாமணிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மகளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். வந்தது வேறு. மகுடேஸ்வரன் கெட்டவர் இல்லை. நகை செய்து போட்டார், வீடு கட்டினார், வெளியூர் போனால் சேலை வாங்கி வருவார். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து, பகல் வெளிச்சத்தில் ஒரு தடவைகூட அவள் முகத்தை நின்று பார்த்தவரில்லை. இங்கே ஒருத்தன் அவள் மகள் பேசப் பேச, கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு, அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்கிறான். கலாமணி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது.

அதிலிருந்து தினமும் மத்தியானத்துக்காகக் காத்திருந்தாள். அவர்கள் சிரித்தால் இவளும் சிரித்தாள். அனு கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிய அன்றைக்கு இவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பன் தின்ற நாளில் மகளின் முகம் அத்தனை அழகாக இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொள்ளலாம் போல ஆசையாக இருந்தது. திரை ஓரத்தில் இருந்த சிவப்பு வட்டத்தை அமுக்கினாள். தன் போனுக்குள்ளேயே கிடக்கும், வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஒரே மெயில் என்றால் எல்லார் வீட்டுக் கதவும் ஒன்றுதான் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இங்கே இன்னொருத்தியையும் சொல்லிவிட வேண்டும். மாரிசெல். பிலிப்பைன்ஸ்காரி. துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காக, சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் வந்து சோதித்துப் பார்ப்பவள். அவள் சரி என்றால்தான் பெட்டி நகரும். அனுவுக்கு நல்ல சினேகிதி. போன மாதம் சாப்பிட உட்கார்ந்தபோது அனு அவளைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பாஷையில் 'கிலிக்' என்று ஒன்று உண்டாம். பிடித்தவரைப் பார்த்தால் உள்ளுக்குள் குறுகுறுவென்று வருமே, அதுதான். அடுத்தவர் காதலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கும் அது வருமாம். வந்தால் பக்கத்தில் இருப்பவரைப் போட்டு அடிப்பார்களாம். கலாமணிக்கு மனசு லேசாகிவிட்டது. தனக்கு வந்ததற்கு எங்கேயோ ஒரு ஊரில் பேர் இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு வார்த்தையும் உண்டாம். ஒளிந்து பார்க்கிறதை 'போசோ' என்பார்களாம். பலகைச் சந்து வழியாகக் குளிக்கிறவளைப் பார்க்கிற ஆளை அவர்கள் ஊர்ப் பழைய படங்களில் சிரிப்புக்கு வைப்பார்கள், மாரிசெல்லுக்கு மட்டும் சிரிப்பு வராது என்றாள் அனு. படிக்கிற வயதில் அவள் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தபோது, குளியலறைப் பலகைக்குப் பின்னால் ஒரு கண் இருந்திருக்கிறது. வீட்டில் சொன்னாள். பையன்கள் அப்படித்தான் என்று சிரித்தார்களாம். அதனால் எந்த ரூமுக்குள் போனாலும் அவள் முதலில் மேலே அண்ணாந்து பார்ப்பாள்.

கலாமணி மகளுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

*

திங்கட்கிழமை காலையில் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அனுவின் போன் முந்தின நாளிலிருந்தே நித்தீஷின் பாக்கெட்டில் இருந்தது. மகுடேஸ்வரன் ஒரு முடிவோடு சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

தரகர் சொல்லியிருக்கிறாராம். அந்தப் பையனே தன் வாயால், நான்தான் எடுத்தேன், பொண்ணு மேல தப்பில்லை என்று சொன்னால் குண்டடத்துக்காரர்கள் மறுபடி யோசித்துப் பார்ப்பார்களாம். அதனால் பரணியையும் அவன் அப்பாவையும் கம்பெனிக்கு வரச் சொல்லியாயிற்று. பரணி சொல்வதை நித்தீஷ் போனில் பிடிப்பான், குண்டடத்துக்கு அனுப்புவான். இல்லையென்றால் பல்லடம், தாராபுரம் வரைக்கும் மகள் பேர் நாறிப்போகும் என்றார்.

கலாமணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, அந்தப் பையன்தான்னு எப்படிங்க நிச்சயமாச் சொல்றீங்க?"

"பின்ன யாரு? நீயா எடுத்தே?"

நித்தீஷ் சிரித்துவிட்டான். அந்த வீட்டில் முந்தின நாளிலிருந்து கேட்ட ஒரே சிரிப்பு அது. ஆமாங்க என்று ஒரே ஒரு வார்த்தை. அதோடு எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அடுத்த கேள்வி என்ன என்று அவளுக்குத் தெரியும். இத்தனை மாதம் தெரிந்தே இருந்தாயா என்பார். பெத்தவளே காவல் இருந்திருக்கா என்று ஊர் பேசும். கலாமணி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அனு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. தானும் கம்பெனிக்கு வருவதாகச் சொன்னாள். பரணி முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வேண்டுமாம். அப்பாவும் சரி என்றுவிட்டாராம்.

"கேமரா ரிப்பேர்னு சொன்னதே அவன்தாம்மா. நான் நம்பி உக்காந்தேன்" என்றாள். "என்னைக்காவது ஒரு நாள் உங்க ஊட்டுல தெரிய வெச்சே தீருவேன்னும் சொன்னான். நான் சும்மா சொல்றான்னு நெனச்சேன்."

"அவன் பண்ணியிருக்க மாட்டான் கண்ணு."

"உனக்கெப்படித் தெரியும்?"

கலாமணி சீப்பை எடுத்தாள். தலையைச் சீவிக்கிட்டுப் போ சாமி என்று சொல்லி, மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து சிக்கெடுத்தாள். பின்னால் உட்கார்ந்ததில் ஒரு வசதி, மகள் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. கீழே காரை எடுத்துவிட்டு நித்தீஷ் ஹாரன் அடித்தான்.

*

கார் போனதும் கலாமணி போனை எடுத்தாள். புளி டப்பாவில் சாய்த்து வைக்கவில்லை. ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஆபீஸ் ரூம் தெரிந்தது. மகுடேஸ்வரன் நாற்காலியில். முருகவேலை உட்காரச் சொல்லவில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார். பரணி நடுவில் நின்றான். அனுவை இன்னும் உள்ளே விடவில்லை. இந்தக் கேமராக்களில் படம் மட்டும்தான், சத்தம் கிடையாது. வாய் அசைந்தது, விரல் நீண்டது. நித்தீஷ் போனைத் தூக்கிப் பிடித்தான். பரணி இல்லை இல்லை என்று தலையாட்டினான்.

முருகவேல் மகனிடம் ஏதோ சொன்னார். அப்புறம் மகுடேஸ்வரனைப் பார்த்துக் கும்பிட்டார். மறுபடி மகனிடம் திரும்பினார். பரணி மறுபடியும் தலையாட்டினான். நித்தீஷ் ஒரு கையில் போனைப் பிடித்தபடியே அவனை அறைந்தான்.

கலாமணி வாயைப் பொத்திக்கொண்டாள். அடித்த சத்தம் கேட்கவில்லை. பரணியின் தலை மட்டும் ஒரு பக்கம் போய்த் திரும்பியது. அவன் கையை ஓங்கவில்லை. அப்பாவைப் பார்த்தான்.

கணவருக்குப் போன் போட்டாள். மேஜை மேல் அவர் போன் வெளிச்சமாவது இவளுக்கே தெரிந்தது. எடுங்க, எடுங்க என்று வாய்விட்டுக் கெஞ்சினாள். மகுடேஸ்வரன் போனைப் பார்த்தார், பேரைப் படித்தார், கவிழ்த்து வைத்தார். மகனுக்குப் போட்டாள். அவன் கட் பண்ணுவதையும் பார்த்தாள்.

தெருமுனையில் ஆட்டோ ஸ்டாண்டு. ஏறினால் காப்பி ஆறுவதற்குள் கம்பெனி. போய் நடுவில் நின்று நான்தான் எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். கால் எழவில்லை என்று அவள் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. எழுந்து செருப்பு மாட்டிப் பூட்டைப் பூட்டுகிற வரைக்கும் போனிலிருந்து கண்ணை எடுக்க வேண்டும். வழியில் சிக்னல் போய்விட்டால்? அடுத்து என்ன நடக்குமோ? அவள் உட்கார்ந்தே இருந்தாள். இதை விடக் கேவலம் என்னங்க இருக்கிறது?

அப்போது கதவைத் திறந்துகொண்டு அனு வந்தாள்.

நேராகப் பரணியின் எதிரில் போய் நின்றாள். அவளைத் தொடப் போவது போல் அவன் கையை எடுத்தான், தொடவில்லை, தன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். அனுவின் பின்னாலேயே மாரிசெல் வந்தாள். அன்றைக்குச் சரக்கு சோதிக்கிற நாள். மாரிசெல் ரூமை ஒரு சுற்றுப் பார்த்தாள். அப்புறம் வழக்கம் போல மேலே அண்ணாந்தாள்.

கலாமணி போனைப் பட்டென்று மடியில் கவிழ்த்துவிட்டாள். அவள் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று தோன்றிவிட்டது. மறுபடி திருப்பிப் பார்க்கையில், மாரிசெல் மேஜை மேலிருந்த பனியன் ஒன்றை எடுத்துக்கொண்டு நாற்காலியில் ஏறியிருந்தாள். கை கிட்டே வந்தது. திரை முழுக்க வெள்ளைத் துணி. பின்னல் பின்னலாக அதன் இழை மட்டும் தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை.

கலாமணி போனை உதறினாள். மூடிவிட்டுத் திறந்தாள். துணிதான். வேறு கேமராவுக்கு மாற்றினாள். கட்டிங், செக்கிங், படிக்கட்டு. வராந்தாவில் ஆள் தெரிந்தது. மகுடேஸ்வரன், நித்தீஷ், முருகவேல் மூன்று பேரும் ஆபீஸ் ரூமுக்கு வெளியே நின்றார்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டுச் சாத்தின கதவுக்கு முன்னால் மாரிசெல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சரக்கைச் சரி என்று சொல்ல வேண்டியவளை மகுடேஸ்வரன் தள்ளிவிட்டுப் போவாரா? வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே அவர்கள் ரெண்டு பேர் மட்டும். கலாமணிக்குத் தெரியாமல் அவர்கள் தனியாக இருந்தது, எத்தனையோ மாதத்தில் அதுதான் முதல் தடவை.

கதவு திறந்தது. அனு வந்தாள், யாரையும் பார்க்காமல் படிக்கட்டுப் பக்கம் போனாள். பின்னால் பரணி வந்தான். கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக் கழற்றி முருகவேலிடம் கொடுத்தான். அப்புறம் நித்தீஷ் தூக்கிப் பிடித்த போனைப் பார்த்துப் பேசத் தொடங்கினான்.

*

மத்தியானம் வீட்டுக்கு வந்த மகுடேஸ்வரன் கை கழுவிக்கொண்டே சொன்னார், ஒத்துக்கிட்டான் என்று. சோறு போடச் சொன்னார். காலையில் சாப்பிடாதவர் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நித்தீஷ் அம்மாவிடம் போனை நீட்டினான். "அந்த வீடியோவை எடுத்தது நான்தானுங்க. அனுப்பிரியா மேல ஒரு தப்பும் இல்லீங்க. கல்யாணம் நடக்கக் கூடாதுன்னு நான்தான் போட்டேன். மன்னிச்சுக்கோங்க" என்றான் திரையில் பரணி. கொஞ்சம் கரகரத்த, மெல்லிய குரல். இத்தனை நாள் தின்கிற பன் வரைக்கும் பார்த்து வைத்திருந்த பையனின் குரலைக் கலாமணி அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டாள்.

குண்டடத்துக்கு அனுப்பியாயிற்று. பதிலும் வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை வந்து நிச்சயம் பேசிக்கொள்ளலாம் என்று. சொந்தக்காரர்கள் குரூப்பிலும் நித்தீஷ் போட்டுவிட்டான். அந்தப் பையன் முகத்தில் அவர்கள் சாதிசனம் முழுக்கக் காறித் துப்பிக்கொண்டிருந்தது. முருகவேலுக்கு இனிமேல் இந்தக் கம்பெனியில் காஜா பட்டன் வேலை கிடையாது. மகன் இனி இந்த ஊரிலேயே இருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இதையெல்லாம் மகுடேஸ்வரன் மோர் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

செய்யாததை ஏன் ஒத்துக்கொண்டான்? அடி வாங்கியபோதுகூட இல்லை என்றவன். உலகத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க முடிந்த ஆள் கலாமணி ஒருத்திதான். எடுத்தவள் அவள்தானே.

சாயங்காலம் அவள் அனுவின் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உட்காரவில்லை. அவன் எடுக்கலை கண்ணு, நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டாள்.

அனு முதலில் நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்காக அம்மா ஏதோ உளறுகிறாள் என்று நினைத்தாள். கலாமணி போனைத் திறந்து, அந்தச் சிவப்பு வட்டத்தைக் காட்டினாள். எந்த நாள், எந்த நேரம், அவள் என்ன சுடிதார் போட்டிருந்தாள் என்று சொன்னாள்.

அனு போனைக் கையில் வாங்கவில்லை.

"எப்பருந்து பாக்கறே?"

"தை மாசத்துலருந்து."

"தினமுமா?"

கலாமணி தலை குனிந்துகொண்டாள்.

"அவங்கம்மாவை ஆஸ்பத்திரியில சேத்தப்ப அவன் அழுதானே. அதையுமா?"

"உன்ற சந்தோஷத்தைப் பாக்கோணும்னுதான் கண்ணு. வேற ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. நான் அந்த மாதிரியெல்லாம் இருந்ததே இல்லை, எனக்கு அதைப் பாக்கப் பாக்க…"

"உன்கிட்டச் சொல்லோணும்னு எத்தனை நாள் அடுப்படி வரைக்கும் வந்தேன் தெரியுமா?" என்றாள் அனு. "நீ போனைப் பாத்துட்டு நிப்பே. சரி, நீ வேலையா இருக்கேன்னு திரும்பிப் போயிருவேன்."

கலாமணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. வாய்விட்டு அழுதால் ஹாலுக்குக் கேட்கும் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அனு அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்பப் போய் அப்பாகிட்டச் சொல்லுவியா?"

ஹாலில் மகுடேஸ்வரன் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. வெள்ளிக்கிழமை நல்ல நேரம் எது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். குரலில் அத்தனை நிம்மதி. கலாமணி கதவைப் பார்த்தாள், எழ முயன்றாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"உன்னால முடியாதும்மா. விடு."

கலாமணி முகத்தைத் துடைத்தாள். இந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். மகளின் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தாலும் தப்பில்லை. அவளால் முடியவில்லை. காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்த கேள்வி வெளியே வந்துவிட்டது.

"அவ கேமரா மேல துணியைப் போட்ட பொறவு, நீ அவன்கிட்ட என்ன கண்ணு சொன்னே? எதுக்கு அவன் ஒத்துக்கிட்டான்?"

அனு திரும்பினாள். அம்மாவை ஏதோ தெரியாத ஊரில் வழி கேட்க வந்த ஆளைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"இன்னைக்கும் பாத்துட்டுத்தான் இருந்தியா? அவனை அடிச்சப்ப?"

"போன் போட்டேன் சாமி. உங்கப்பா எடுக்கலை."

"பாத்துட்டே போட்டியா?"

கலாமணி விடவில்லை. என்ன சொன்னாய், அதை மட்டும் சொல்லு என்று மறுபடியும் கேட்டாள். அவனிடம் நான் போய்ச் சொல்லிக்கிறேன், எப்படியாவது சரிபண்ணிடறேன் என்றெல்லாம் சொன்னாள். அவளுக்கே தன் பேச்சில் நம்பிக்கையில்லை. பரணியின் போன் மத்தியானத்திலிருந்து அணைந்து கிடக்கிறது என்று நித்தீஷ் சொன்னதைக் கேட்டுத்தான் வந்திருந்தாள்.

அனு வந்து அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். சேலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ற வாழ்க்கையில நீ பாக்காதது அது ஒண்ணுதாம்மா" என்றாள். "அதை நான் உனக்குத் தர மாட்டேன்."

கலாமணி வெளியே வந்தாள். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. அவள் கதவில் காதை வைத்து வெகு நேரம் நின்றாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.